ஐந்து ஒன்பது ஒன்பது

பல் மருத்துவரிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. தினம் இரண்டு வேளை தேய்க்கிறேன் டாக்டர் என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பார்கள். உள்ளே முந்தாநாள் தின்ற கீரை இருக்கும். நாகர்கோவிலில் இருபது வருடமாக இந்தப் பொய்களைக் குனிந்து பார்த்துப் பார்த்து எனக்கு முதுகுவலியே வந்துவிட்டது. ஆனாலும் அமெச்சூர் வானொலிக்காரர்களோடு ஒப்பிட்டால் என் நோயாளிகள் அரிச்சந்திரன் பரம்பரை என்றுதான் சொல்லுவேன்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி, முகம் தெரியாத ஆட்களோடு மோர்ஸ் குறியீட்டில் புள்ளியும் கோடுமாகப் பேசி மகிழ்கிற கூட்டம். இவர்களிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு. பேசத் தொடங்கியதும், எதிராளியின் ஒலி எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். தெளிவுக்கு ஐந்து, வலுவுக்கு ஒன்பது, தொனிக்கு ஒன்பது என்பவை முழு மதிப்பெண்கள். யாரும் யாருக்கும் இதற்குக் குறைத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ‘ஐந்து ஒன்பது ஒன்பது, தெள்ளத் தெளிவாகக் கேட்கிறீர்கள்’ என்பார்கள். அடுத்த வரியிலேயே, ‘உங்கள் பெயர் என்ன, தயவுசெய்து மறுபடி மறுபடி சொல்லுங்கள்’ என்பார்கள். குறைத்துப் போட்டால் எதிராளியின் மனம் புண்படுமாம். பிறகு அவனும் நமக்குக் குறைத்துப் போட்டுவிடுவானாம். முடிக்கும்போது, கேட்டதோ கேட்கவில்லையோ, ‘மிக்க நன்றி, விரைவில் மீண்டும் சந்திப்போம்’ என்று கட்டாயம் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் சந்தித்ததில்லை.

எங்கள் தென்முனை வானலைக் கழகத்துக்குத் தலைவர் முனைவர் ஞானசிகாமணி. பொறியியல் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் கிடைத்தால் விடமாட்டார், கிடைக்காவிட்டாலும் விடமாட்டார். மோர்ஸ் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர் என்பது அவருடைய நிரந்தரப் பெருமை. தேர்வில் எந்தப் பத்தி வரும் என்பது அந்தக் காலத்தில் ஊருக்கே தெரியும், அதைத்தான் உருப்போட்டுத் தேறினார் என்பதை அவர் சொல்லமாட்டார். நான் சொல்லுவேன், ஏனென்றால் நானும் அப்படித்தான் தேறினேன்.

ஆக, மோர்ஸ் கழகத்தில் யாருக்கும் மோர்ஸ் தெரியாது. இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தவர் பிரேம்லால். மார்த்தாண்டத்துக்காரர், திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை. ஒலியைக் கேட்டு எழுத்தாக்கித் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை எழுதி அதற்குச் ‘செவியன்’ என்று பேர் வைத்தார். முதலில் அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. கேட்ட எழுத்தைப் போடும், இரைச்சல் விழுங்கிய எழுத்துக்கு ஒரு வெற்றிடம் விடும். உறுப்பினர்களுக்கு அது பிடிக்கவில்லை. வரிக்கு வரி ஓட்டையாக, பொக்கை வாய் மாதிரி இருக்கிறது என்றார்கள். பிரேம்லால் சளைக்காமல், உலகம் முழுவதும் பதிவான மூன்று கோடி மோர்ஸ் உரையாடல்களைச் செவியனுக்கு ஊட்டினார். அதன் பிறகு ஓட்டை விழுந்த இடத்தில் என்ன சொல் வந்திருக்கும் என்று அதுவே ஊகித்து நிரப்பத் தொடங்கியது. பொக்கை வாய்க்குப் பல்செட் கட்டுவது என் தொழில். ஆனால் நான் பல்செட்டைச் சொந்தப் பல் என்று சொல்லி யாருக்கும் மாட்டிவிட்டதில்லை.

துல்லியத்தைச் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு ஊர்க் கழகத்துக்கும் செவியனைக் கொடுத்தோம். இங்கிருந்து நாங்கள் ஒன்றை அனுப்பி, சரியாக வந்ததா என்று கேட்போம். அங்கே செவியன் அதைப் படித்து, அங்கிருந்தவர்கள் ஏதோ பதில் அனுப்ப, இங்கே செவியன் அந்தப் பதிலை ‘மிகச் சரி, நன்றி’ என்று திரையில் காட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று சான்றிதழ் அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினார் தலைவர். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். எங்கள் கழகத்தில் கேட்பதற்கு அந்தக் கேனையன்கூட இல்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் தேநீர் வேளைப் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டோம்.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் விளையாட்டாகவே முடிந்திருக்கும். அந்த வருடம்தான் சூரியனுக்கு வெறி பிடித்தது. அதன் மேற்பரப்பில் வெடித்த புயல்களால் வானத்தில் இருந்த செயற்கைக்கோள்கள் பாதி செத்தன, மீதி அரைக்குருடாயின. தரையில் பெரிய பாதிப்பில்லை, கைபேசிக் கோபுரங்கள் வேலை செய்தன. அடிபட்டது ஆழ்கடல்தான். தூத்தூர்க் கரையிலிருந்து சுறாவும் சூரையும் பிடிக்க மாதக்கணக்கில் மேற்கே போகும் விசைப்படகுகளின் கையில் இருந்த செயற்கைக்கோள் போன்கள் வெறும் டப்பாக்களாகிவிட்டன. இடம் காட்டும் ஜிபிஎஸ் மட்டும் விட்டு விட்டு வேலை செய்தது. படகில் இருக்கும் சாதாரண வயர்லெஸ் சில மைல்களைத் தாண்டாது.

குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போவது மோர்ஸ் ஒலிதான். ஆகவே ஒவ்வொரு படகுக்கும் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். கைபேசியில் அடிப்பதுபோல அதில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும், அதுவே மோர்ஸாக மாற்றி அனுப்பும். கரையிலிருந்து வரும் பதிலையும் எழுத்தாக்கிக் காட்டும். மீனவர்கள் அதற்குக் குருவி என்று பேர் வைத்தார்கள். குருவிக்குள் இருந்ததும் செவியன்தான். கரையில் அதைக் கேட்டு, பதில் அனுப்பி, செய்தியைக் குடும்பத்தின் கைபேசிக்குச் சேர்க்கும் பொறுப்பு எங்கள் கழகத்துக்கு வந்தது. தலைவர் சால்வை போர்த்திக்கொண்டார். கேட்பது, எழுதுவது, பதில் சொல்வது, அனுப்புவது எல்லாவற்றையும் செவியனே செய்தது. நாங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி வடை தின்றோம்.

அப்படி ஒரு ஞாயிறு பிற்பகலில்தான் மெட்டில்டா வந்தார். தேங்காய்ப்பட்டணம் சாலையில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர், ‘சமுத்திர ராணி’ என்ற விசைப்படகின் உரிமையாளர். அவருடைய கணவர் கிளீட்டஸ்தான் அந்தப் படகின் ஓட்டுநர். மெட்டில்டாவின் அண்ணன் ஆல்பினும் அதே படகில் இருந்தார். மொத்தம் ஒன்பது பேர். கூட்டம் நடக்கிறது, வெளியே இருங்கள் என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்காமல் நேரே வந்து தலைவருக்கு முன்னால் கைபேசியை நீட்டினார்.

முதலில் வந்த செய்திகளைக் காட்டினார். ஐஸ் மோசம், பாதி வழியிலேயே உருகிவிட்டது. உனக்க அண்ணன் எப்பவும் தூக்கம். டீசல் குறைத்து அடித்துவிட்டார்கள், அந்தப் பங்க்காரனை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். இவையெல்லாம் என் ஆளுடையவை என்றார். பிறகு கடைசி ஏழு நாள் செய்திகளைக் காட்டினார். ‘அன்பு நண்பரே, ஐந்து ஒன்பது ஒன்பது. இங்கே வானிலை நன்று. மிக்க நன்றி.’ மறுநாள், ‘ஐந்து ஒன்பது ஒன்பது. உபகரணங்கள் நன்றாக வேலை செய்கின்றன. தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துகள். நன்றி.’ இப்படியே ஏழு நாள்.

“இருபத்திரண்டு வருசமா கூட வாழுதேன் சாரே” என்றார் மெட்டில்டா. “நன்றிங்கிற வார்த்தை அவருக்க வாயில வந்ததில்ல. எங்க கல்யாணத்த நடத்திவச்ச சாமியாருக்கே சொல்லல்ல. இது எனக்க மாப்பிள இல்ல. வேற எவனோ அவருக்க பேருல எனக்கு மெசேஜ் போடுதான்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகப் புன்னகைத்தார். இரியுங்க அம்மா என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, சான்றிதழைக் காட்டி, தொண்ணூற்றெட்டு என்ற எண்ணின் பெருமையை விளக்கினார். மெட்டில்டா உட்காரவும் இல்லை, சான்றிதழைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“கடல்ல தனியா கெடக்கும்போது மனுசன் பண்பட்டுப் போவான் அம்மா” என்றார் தலைவர் கடைசியாக.

“சுறா பிடிக்கப் போனவரு சாரே. தவம் பண்ணப் போகல்ல.”

நான் எழுந்து மெட்டில்டாவின் பக்கம் போய் நின்றேன். மனிதாபிமானம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் புன்னகையை ஒரு தடவையாவது துடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. செவியன் எழுதியதை விட்டுவிட்டு, அது கேட்ட மூல ஒலியை எங்களுக்குப் போட்டுக்காட்ட முடியுமா என்று பிரேம்லாலைக் கேட்டேன். பதிவு இருக்கிறது, ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் அவர்.

பரணிலிருந்து ஒலிபெருக்கியை இறக்கித் தூசி தட்டினோம். வடைச் சட்டிக்குள் கொசு கத்துவதுபோல ஏதோ கேட்டது. வானொலிக் கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கச்சேரியில் ராகம் தெரியாதவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். என்ன சொல்கிறது என்று மெட்டில்டா கேட்டதற்கு, இரைச்சல் அதிகம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிரேம்லால் ஒலியைக் கோடுகளாக மாற்றித் திரையில் நிறுத்தினார். குட்டைக் கோடு புள்ளி, நெட்டைக் கோடு கோடு. பார்க்கத் தெரிந்தது, படிக்கத் தெரியவில்லை. மோர்ஸ் அட்டவணை எங்கே என்று எல்லோரும் தேடியபோது, மெட்டில்டாதான் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையைச் சுட்டினார். கழகத்தின் வெள்ளி விழாவுக்கு நாங்களே அச்சடித்த கோப்பை. மேலிருந்து கீழே முழு மோர்ஸ் அட்டவணையும் அதில் இருந்தது. அத்தனை வருடம் அதில் தேநீர் குடித்திருக்கிறோம், ஒருவரும் படித்ததில்லை. இருந்த தேநீரை வாசலில் கொட்டிவிட்டு, ஆளுக்கொரு கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக் கூட்டினோம்.

முதல் நாள் பதிவில் பாதி எழுத்துகூடத் தேறவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. பிரேம்லால் ஏழு நாள் கோடுகளையும் நீள நீளமான தாள்களில் அச்சடித்துக் கொடுத்தார். எக்ஸ்ரே பார்க்கிற பழக்கத்தில் நான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தி நின்றன. ஒரு நாள் விட்டுப்போன கோடு மறுநாள் தாளில் இருந்தது. கிளீட்டஸ் ஏழு நாளும் ஒரே செய்தியைத்தான் அனுப்பியிருக்கிறார். செவியன்தான் அதை ஏழு விதமான மரியாதைகளாக மாற்றியிருக்கிறது.

எழுத்தெழுத்தாகக் கூட்டியபோது இப்படி வந்தது. எஞ்சின் போச்சு. தண்ணி உள்ள கேறுது. அதன் பிறகு இருக்கும் இடம்: வடக்கே ஆறு டிகிரி இருபது, கிழக்கே எழுபது டிகிரி பத்து. கடைசியில், கேக்குதா.

இடத்தைச் சொன்ன எண்களுக்குப் பதிலாக ஏழு நாளும் திரையில் இருந்தது ஐந்து ஒன்பது ஒன்பது. கேக்குதா என்று கேட்ட இடத்தில் இருந்தது நன்றி.

பிரேம்லால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை ஏசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவரே பேசினார்.

“பேட்டரி இறங்கி சத்தம் மெலிஞ்சிருக்கு டாக்டர். பாதிக்குமேல எழுத்து கேக்கல்ல. கேக்காத எடத்துல வழக்கமா என்ன வருமோ அத அது போட்டிருக்கு. அதுக்குத் தெரிஞ்சது நாம சொல்லிக் குடுத்ததுதானே. மூணு கோடிப் பேச்சு கேட்டிருக்கு. அதுல ஒருத்தனாவது ‘நீ சொன்னது எனக்குக் கேக்கல்ல’ன்னு சொல்லியிருந்தா அதும் அப்படிச் சொல்லியிருக்கும்.”

குரங்கு கையில் பூமாலை என்று இயந்திரத்தைச் சொல்வார்கள். இங்கே மாலை இருந்தது எங்கள் கையில்தான். மனம் புண்படக் கூடாது என்று உலகம் முழுவதும் ஆண்களும் பெண்களும் சொல்லி வளர்த்த பொய்யை அந்த அப்பாவி இயந்திரம் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கிருந்து என்ன பதில் போனது என்று கேட்டார் மெட்டில்டா. பிரேம்லால் தேடிப்பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடியே படித்தார். ஏழு நாளும் ஒரே பதில். ‘உங்கள் செய்தி தெள்ளத் தெளிவாகக் கிடைத்தது. மிக்க நன்றி. விரைவில் மீண்டும் சந்திப்போம்.’

மெட்டில்டா அப்போதுதான் உட்கார்ந்தார்.

தலைவருக்கு ஓர் அரிய குணம் உண்டு. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்பார். அதற்குள் கடலோரக் காவல்படை அலுவலகத்துக்குப் போன் போட்டு, எங்கள் கழகத்தின் தீவிர ஆய்வில் ஒரு படகின் அபயச் செய்தி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பேசிய அதிகாரி பொறுமையான மனிதர். அத்தனை தூரம் போய் வரக்கூடிய விமானம் ஒன்றுதான் இருக்கிறது, விடிந்ததும் அனுப்பலாம், எரிபொருள் கணக்குப்படி ஒரு வட்டாரத்தைத்தான் தேட முடியும், வானிலை கெடுவதால் மறுநாள் போக முடியாது, இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றார். தலைவர் தாளைப் பார்த்து எண்களைப் படிக்கத் தொடங்கினார்.

“அந்த எடம் பொய் சாரே” என்றார் மெட்டில்டா.

தலைவர் போனைக் கையால் மூடிக்கொண்டு முறைத்தார். மெட்டில்டா சொன்ன விஷயம் அந்தக் கரைக்கே உரியது. ஆழ்கடலில் மீன் விழுகிற இடம் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், மறுவாரம் நாற்பது படகு அங்கே நிற்கும். ஆகவே எந்த ஓட்டுநரும் திறந்த அலையில் தன் இடத்தை உண்மையாகச் சொல்லமாட்டான். வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு. கிளீட்டஸ் கிழக்குக் கணக்கில் எப்போதும் ஒரு டிகிரி குறைத்துச் சொல்வார். கரையில் மெட்டில்டா ஒரு டிகிரி கூட்டிக்கொள்வார். அண்ணனுக்கும் கணவருக்கும் தனக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்றார். ஒரு டிகிரி என்பது நூற்றுப்பத்து கிலோமீட்டர்.

“சாகக் கெடக்கிறவன் பொய் சொல்லுவானா?” என்றார் தலைவர். “உயிருக்கு ஆபத்துன்னா எவனும் உண்மையத்தான் சொல்லுவான். இது பொது அறிவு அம்மா.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. மூழ்குகிற படகில் இருந்துகொண்டு மீன் விழுகிற இடத்தை மறைக்கிறவன் உண்டா? தப்பாகிப் போனால் விமானம் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பும், நீங்கள் உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று நானும் கேட்டேன்.

“அவருக்க மெசேஜ் எனக்கு வரும்னு அவருக்குத் தெரியும் டாக்டரே. எடத்தப் பாத்ததும் நான் ஒண்ணு கூட்டுவேன்னும் தெரியும். இப்ப திடீர்னு உண்மையச் சொன்னா நான் கூட்டித் தப்பா அனுப்பிருவேன் இல்லியா? அதனால பொய்யத்தான் சொல்லியிருப்பாரு. சத்தியமாட்டு பொய்தான்.”

பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “தப்பாப் போச்சுன்னா ஒம்பது பேரும் எனக்க தலையில” என்றார்.

தலைவர் போனை விடவில்லை. நான் அவர் கையிலிருந்து பிடுங்கி மெட்டில்டாவிடம் கொடுத்தேன். அவர் அதிகாரியிடம் தன் பெயர், படகின் பெயர், ஆள் கணக்கு எல்லாம் சொல்லிவிட்டு, இடத்தை ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார். வடக்கே ஆறு டிகிரி இருபது. கிழக்கே எழுபத்தொன்று டிகிரி பத்து. சொல்லி முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் படகு கிடைத்தது. அவர் கூட்டிச் சொன்ன வட்டாரத்துக்குள்ளேயே, முக்கால்வாசி முங்கி நின்றது. மனிதர் மூழ்கும்போதும் ஒழுங்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அருகில் போன சரக்குக் கப்பல் ஒன்று திரும்பி வந்து ஏற்றிக்கொண்டது. எட்டுப் பேர் ஏறினார்கள். ஆல்பின் இல்லை.

தப்பி வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சொன்னதை மெட்டில்டா ஒரு வாரம் கழித்து என் கிளினிக்கில் உட்கார்ந்து சொன்னார். எஞ்சின் நின்ற நாலாம் நாளே ஆல்பின், காலி கேன்களைக் கட்டி மிதவை செய்து கப்பல் போகும் பாதைக்குப் போய்விடலாம் என்றிருக்கிறார். கிளீட்டஸ் சம்மதிக்கவில்லை. தெள்ளத் தெளிவாகக் கேட்டுவிட்டது என்று கரையில் சொல்கிறார்கள், விரைவில் சந்திப்போம் என்று தினமும் சொல்கிறார்கள், படகை விட்டுப் போனால் வருகிறவர்கள் எங்கே தேடுவார்கள் என்று தடுத்திருக்கிறார். ஆறாம் நாள் ஓட்டையை அடைக்க எஞ்சின் அறைக்குள் இறங்கிய ஆல்பின், தண்ணீர் ஒரேயடியாக ஏறியபோது மேலே வரவில்லை. இதைச் சொல்லும்போது மெட்டில்டா அழவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டும் விரிசல் விட்டிருந்தன. அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னும் வடிகால் கிடைக்கவில்லை.

கழகத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பாராட்டு விழா நடந்தது. எட்டு உயிர்களைக் காத்த கழகம் என்று பேனர் கட்டினார்கள். மனிதனும் இயந்திரமும் கைகோக்கும் புது யுகம் என்று தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஒன்பதாவது உயிரைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை, விழாவில் அது மங்களகரமாக இருக்காதாம். கேட்காத எழுத்துக்கு வெற்றிடம் விடும்படி செவியனை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரேம்லால் செயற்குழுவில் மன்றாடினார். திரை அசிங்கமாக இருக்கும் என்று வாக்கெடுப்பில் தோற்றார். நான் போட்ட வாக்கையும் சேர்த்து அவருக்கு இரண்டு. படகு கிடைத்த இடம் செய்தியில் வந்ததால், தூத்தூர்ப் படகுகள் பாதி அங்கே போய்ச் சுறா பிடித்தன.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிளீட்டஸ் வந்தார். நான் அவரை அப்போதுதான் முதலில் பார்க்கிறேன். அடுக்கடுக்கான செய்திகளில் ஐஸையும் டீசலையும் மச்சானையும் திட்டிய ஆளை நான் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். வெயிலில் தோல் உரிந்த, ஒடிசலான மனிதர். மெட்டில்டா பின்னாலேயே வந்தார். வடைத் தட்டை நீட்டினார்கள், கிளீட்டஸ் எடுக்கவில்லை.

கரையிலிருந்து தினமும் பதில் சொன்ன ஆளைப் பார்க்க வந்தேன் என்றார்.

பிரேம்லால் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த கணினியைப் பார்த்தேன்.

“அந்த ஆளு தெனமும் பதில் சொன்னதுனாலதான் நாங்க பயித்தியம் பிடிக்காம இருந்தோம்” என்றார் கிளீட்டஸ். “ராவும் பகலும் கையால தண்ணி எறச்சோம். மச்சான் போனதுக்குப் பெறவு பயலுவ எல்லாரும் வாளியக் கீழ போட்டுட்டானுவ. மறுநாளும் பதில் வந்துது, விரைவில் சந்திப்போம்னு. அத நான் சத்தமா வாசிச்சேன். பெறவுதான் வாளிய எடுத்தானுவ.” பிறகு அவர் கேட்க வந்ததைக் கேட்டார். “ஒண்ணு மட்டும் தெரியணும். நாங்க அனுப்பினது உங்களுக்கு உண்மையிலே கேட்டுதா? மச்சான் இருக்கும்போ நாங்க கத்தினது யாருக்காவது கேட்டுதா?”

சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை ஐயா, நாங்கள் ஒலிபெருக்கியைப் பரணில் போட்டிருந்தோம், உங்களுக்குப் பதில் சொன்னது ஒரு பழக்கதோஷம், உங்கள் மச்சான் சொன்னதுதான் சரி. அத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. எழுந்தபோது மெட்டில்டாவைப் பார்த்தேன். அவர் கணவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மிக லேசாகத் தலையை இடவலமாக அசைத்தார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த இடைவெளி போதும் எங்கள் தலைவருக்கு. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கிளீட்டஸுக்கு நேரே போய் நின்றார்.

“நான்தான் பதில் சொன்னது” என்றார். “தெள்ளத் தெளிவாக் கேட்டுது தம்பி. ஐந்து ஒன்பது ஒன்பது.”

கிளீட்டஸ் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு, பழக்கமில்லாத எதையோ வாயில் வைத்ததுபோலத் தடுமாறி, “நன்றி சாரே” என்றார். “மிக்க நன்றி.”

மெட்டில்டா கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“இது அவருதானா டாக்டரே?”